இம்ப்ளாண்ட், கடி, தாடைச் சத்திரசிகிச்சை: ஆராய்ச்சிக் கட்டுரைகளை முதன்முதலாக வாசிக்கப் போகிறவர்களுக்கு

அம்மாவின் கீழ்க் கட்டுப்பல் வைத்த இடத்தில் நின்றதே இல்லை. மேல் வரிசை அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழ் வரிசை நாக்கு போகிற பக்கமெல்லாம் தானும் போகும். சோற்றை வாயில் வைத்ததும் நாக்கு நுனியால் பல்லை ஒருமுறை அமர்த்துவார், ஒரு கவளம் முடிவதற்குள் இன்னும் நாலைந்து தரம் அமர்த்துவார். கணவாய்க் கறி வைத்த நாளில் மட்டும் பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டு, துண்டுகளை எங்கள் கோப்பைக்குத் தள்ளிவிட்டு, வெறும் குழம்பை விட்டுக் குழைத்துச் சாப்பிடுவார். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் கணவாயைக் கைவிடுவது சின்ன விஷயம் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு தனியார் கிளினிக்கில் இம்ப்ளாண்ட் பற்றி, அதாவது தாடை எலும்புக்குள் உலோகத் திருகாணியை இறக்கி அதன்மேல் பல்லைப் பூட்டுவது பற்றிச் சொன்னார்கள். கையில் தந்த துண்டுப் பிரசுரத்தில் ‘வெற்றி 98 வீதம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. எது 98 வீதம் என்று கேட்டேன். திருகாணி எலும்பில் விழாமல் நிற்பதா, அம்மா கணவாய் சப்புவதா? ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். நான் பல் வைத்தியர் இல்லை. மருத்துவக் கட்டுரை வாசித்துப் பழக்கமும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு வருடத்தில் ஓரளவு பிடிபட்டது, அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வாயைப் பார்த்த டொக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், அவரிடம் சரியான கேள்விகளோடு போவதற்கு இது உதவும்.

முதல் வேலை: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘இம்ப்ளாண்ட் நல்லதா?’ என்று தேடினால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வரும், ஒன்றும் உங்களுக்கு உதவாது. யாருக்கு, என்ன செய்வது, எதோடு ஒப்பிட்டு, என்ன மாற வேண்டும், எத்தனை வருடத்துக்கு என்ற ஐந்தும் கேள்விக்குள் இருக்க வேண்டும். நான் கொப்பியில் எழுதியது இது: ‘ஒரு பல்லும் இல்லாத 68 வயதுப் பெண்ணுக்கு, கீழ்த் தாடையில் 2 இம்ப்ளாண்ட் வைத்து அதில் கட்டுப்பல்லைப் பூட்டினால், வெறும் கட்டுப்பல்லோடு இருப்பதைவிட, கடினமான சாப்பாட்டைச் சப்ப முடியுமா, 5 வருடம் கழித்தும்?’ இவ்வளவு நீளமாக எழுதிய பிறகுதான் தேடவே தெரிந்தது.

எங்கே தேடுவது

பப்மெட் என்ற தளம் இலவசம், அங்கே கட்டுரைச் சுருக்கங்கள் கிடைக்கும், பலவற்றின் முழுப் பிரதியும் கிடைக்கும். கூகுள் ஸ்கொலரும் பரவாயில்லை. ஆங்கிலச் சொற்களால்தான் தேட வேண்டும்: கழற்றிப் பூட்டும் இம்ப்ளாண்ட் கட்டுப்பல்லுக்கு ‘இம்ப்ளாண்ட் ஓவர்டென்சர்’, சப்புவதற்கு ‘மாஸ்டிகேஷன்’, கடிக்கும் விசைக்கு ‘பைட் ஃபோர்ஸ்’, தாடையை வெட்டி நகர்த்தும் சத்திரசிகிச்சைக்கு ‘ஓர்த்தோக்னாதிக்’. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதும் கொக்ரேன் நூலகத்தின் திறனாய்வுகளில் சாதாரண ஆட்களுக்கான எளிய சுருக்கமும் இருக்கும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். முழுப் பிரதி பூட்டிக் கிடந்தால் கட்டுரை எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், எனக்குப் பலர் அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாக் கட்டுரைக்கும் ஒரே கனம் இல்லை. ஒரு டொக்டர் தன் நோயாளிகள் 20 பேரைப் பற்றி எழுதுவது அடிமட்டம். இரண்டு குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடுவது அதைவிட மேல். அப்படிப் பல ஆய்வுகளை ஒழுங்காகச் சேர்த்துப் பார்க்கும் திறனாய்வு இன்னும் மேல். ஆனால் பலவீனமான பத்து ஆய்வுகளைச் சேர்த்தாலும் பலவீனமான ஒரு முடிவுதான் வரும், அதனால் திறனாய்வு என்ற பெயரைப் பார்த்தே நம்பிவிடாதீர்கள்.

எதை அளந்தார்கள்?

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது இதுதான். கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். சுவீடனின் பெர்-இங்வார் புரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயலின் எலும்புக்குள் டைட்டேனியத்தில் செய்த சின்னக் கருவியை வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கழற்ற முடியவில்லை, எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965இல் முதல் மனித நோயாளிக்கு அந்த உலோகத்தில் திருகாணி வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அதே திருகாணிகள் வாயில் இருந்தன. அவருடைய குழு 1981இல் வெளியிட்ட 15 வருட ஆய்வில் 371 நோயாளிகளுக்கு வைத்த 2768 திருகாணிகளின் கணக்கு இருக்கிறது. 5 முதல் 9 வருடம் பார்த்ததில் மேல்தாடையில் 81 வீதமும் கீழ்த்தாடையில் 91 வீதமும் அசையாமல் நின்றன. மேல்தாடை எலும்பு மென்மையானது, அதனால் மேல், கீழ் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்லும் கட்டுரையைக் கண்டால் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தேடுங்கள்.

இப்போது ‘நின்றது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டுரைகளில் ‘சர்வைவல்’ என்று வந்தால் திருகாணி இன்னும் வாயில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சுற்றிவர முரசு வீங்கிச் சீழ் வடிந்தாலும், எலும்பு பாதி கரைந்திருந்தாலும் அது சர்வைவல் கணக்கில் சேரும். ‘சக்ஸஸ்’ என்பது வேறு. 1986இல் அல்பிரெக்ட்சன், சார்ப் முதலானவர்கள் அதற்கு நிபந்தனைகள் எழுதினார்கள்: அசையக் கூடாது, எக்ஸ்ரேயில் திருகாணியைச் சுற்றிக் கறுப்பு நிழல் இருக்கக் கூடாது, முதல் வருடத்துக்குப் பிறகு எலும்பு வருடத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் கரையக் கூடாது, தீராத வலியோ தொற்றோ மரத்துப்போதலோ இருக்கக் கூடாது. 5 வருடத்தில் 85 வீதமும் 10 வருடத்தில் 80 வீதமும் இதில் தேறினால் போதும் என்றார்கள். 98 வீதம் என்று பிரசுரம் அடிப்பவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

அந்தப் பட்டியலிலும் ஒரு குறை இருப்பதைப் பார்த்தீர்களா? சாப்பிட முடிகிறதா என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை.

இன்னொன்று, திருகாணி வேறு, அதன்மேல் உட்காரும் பல் வேறு. தனிப் பல்லுக்கான இம்ப்ளாண்ட் பற்றி 2012இல் யுங் குழுவினர் வெளியிட்ட திறனாய்வில் 10 வருடத்தில் திருகாணிகள் 95.2 வீதம் நின்றன, மேலே வைத்த பற்கள் 89.4 வீதம்தான் நின்றன. திருகாணிமேல் உட்காரும் பல் உடைந்தால் திரும்ப யார் செய்து தருவது, அதற்கு எவ்வளவு என்பது நம் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ போய்வருவதென்றால் ஒரு நாள் சம்பளமும் போகும்.

சுற்றிவர எலும்பு கரையும் நோயைப் பற்றி டேர்க்ஸும் தொமாசியும் 2015இல் எழுதிய திறனாய்வில், முரசு அழற்சி சராசரியாக 43 வீதம் பேருக்கும் எலும்பு கரைதல் 22 வீதம் பேருக்கும் இருந்தது. அவர்கள் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளிலோ எலும்பு கரைந்தவர்கள் 1 வீதத்திலிருந்து 47 வீதம் வரை போனார்கள். எத்தனை மில்லிமீற்றர் கரைந்தால் நோய் என்று ஒவ்வொருவரும் வேறு வேறு கோடு போட்டதும் இதற்கு ஒரு காரணம். அதனால் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது பக்கத்திலேயே அவர்கள் போட்ட கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீதம் எதன் வீதம்?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 50 பேருக்கு ஆளுக்கு நாலாக 200 திருகாணி வைக்கிறார்கள், 10 விழுந்துவிடுகிறது. 95 வீதம் வெற்றி என்று எழுதலாம், பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்தும் 5 பேரின் வாயில் விழுந்திருந்தால் பத்தில் ஒரு ஆளுக்குச் சிக்கல். ஒரு வாயில் ஒன்று விழுந்தால் மற்றது விழுவதற்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எலும்பு, புகை, சீனி வியாதி எல்லாம் அதே ஆளுடையது. அப்புறம், தொடங்கியவர்கள் எத்தனை பேர், கடைசியில் வந்து காட்டியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 100 பேரில் 60 பேர்தான் ஐந்தாம் வருடம் வந்தார்கள் என்றால் வராத 40 பேர் சுகமாக இருந்து வராமல் விட்டார்களா, வெறுத்துப்போய் வேறு இடம் போனார்களா என்று கட்டுரை சொல்ல வேண்டும்.

கடி, சப்புதல்

அம்மாவுக்காக நான் தேடியது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இயற்கைப் பல் எலும்பில் நேரே ஒட்டியிருப்பதில்லை, நடுவில் மெல்லிய நார்ப் படை இருக்கிறது. கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை கீழே அமுங்கும், இம்ப்ளாண்ட் 3 முதல் 5 மைக்ரோமீற்றர்தான் அமுங்கும். அந்த நாரில்தான் உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. சோற்றில் ஒரு பொடிக் கல் கிடந்தால் உடனே தெரிகிறதே, அது நாரின் வேலை. இயற்கைப் பற்களுக்கு நடுவே 20 மைக்ரோமீற்றர் தடிப்பு இருந்தாலே தெரியும், இம்ப்ளாண்டில் 50 அளவு வேண்டும், கட்டுப்பல்லில் 100ஐத் தாண்ட வேண்டும். இம்ப்ளாண்ட் வைத்தவர் தன்னை அறியாமல் அதிக விசையோடு கடித்து, திருகாணிமேல் உள்ள பல்லை உடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழுக் கட்டுப்பல் வைத்தவரின் கடி விசை இயற்கைப் பல் உள்ளவருடையதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். கீழே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துப் பூட்டியதும் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, அப்போதும் சொந்தப் பல்லின் அளவுக்கு வராது.

விசை இருந்தால் போதுமா? இல்லை, சாப்பாடு நொறுங்க வேண்டும். அதை அளக்க 1950இலேயே மான்லியும் பிரேலியும் கச்சானைக் கொடுத்துச் சப்பச் சொல்லி, துப்ப வைத்து, அரிதட்டில் அரித்துப் பார்த்தார்கள். கடற்கரையில் நாங்கள் சுருளில் வாங்கிக் கொறிக்கிற அதே கச்சான்தான். பிறகு கரட், சிலிக்கோன் துண்டு எல்லாம் வந்தன. இப்போது பலர் செய்வது இரண்டு நிறச் சுவிங்கம் சோதனை: இரண்டு நிறத்தையும் ஒன்றாக 20 தரம் சப்பச் சொல்லி, தட்டையாக்கி, நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று படம் எடுத்துக் கணக்கிடுவார்கள். ஆய்வில் பாவிப்பது பல்லில் ஒட்டாத விசேட கம். நாங்கள் கடையில் வாங்கிய நீலத்தையும் றோஸையும் வைத்து வீட்டு மேசையில் செய்து பார்த்தோம். என்னுடையது ஒரே ஊதாவாக வந்தது. அம்மாவினுடையதில் 20 தரம் சப்பிய பிறகும் நீலக் கோடு ஒரு பக்கம், றோஸ் மறுபக்கம், நடுவில் மட்டும் நகக்கண் அளவு கலந்திருந்தது. அதைப் பொலித்தீனுக்குள் வைத்துத் திகதி எழுதி வைத்தேன். (கட்டுப்பல்லில் ஒட்டியதை எடுக்க வெந்நீர் விடாதீர்கள், பல் நெளிந்துவிடும்.)

மூன்றாவது அளவு, ஆளிடமே கேட்பது. 1994இல் 49 கேள்விகளோடு வந்து 1997இல் 14 ஆகச் சுருங்கிய ஓஹிப் என்ற கேள்விக்கொத்து கட்டுரைகளில் அடிக்கடி வரும். சாப்பாட்டை இடையில் நிறுத்த வேண்டி வந்ததா, பல்லால் வெட்கப்பட்டீர்களா போன்ற கேள்விகள் அதில் இருக்கின்றன. விசை, நொறுக்கல், ஆளின் சொல், மூன்றும் ஒரே திசையில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நன்றாக நொறுக்குகிறவர் திருப்தியில்லாமல் இருப்பார், மோசமாக நொறுக்குகிறவர் ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்பார்.

அம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தியது 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் எழுதிய ஒப்புதல் அறிக்கை. ஒரு பல்லும் இல்லாத கீழ்த்தாடைக்கு 2 இம்ப்ளாண்டில் பூட்டும் கட்டுப்பல்லையே முதல் தெரிவாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மேல்தாடைக்கு அப்படிச் சொல்லவில்லை. அதே இடத்தைச் சேர்ந்த ஹம்டான் குழுவினரின் 2013 ஆய்வை வாசித்ததும்தான் என் எதிர்பார்ப்புக் கொஞ்சம் நிலத்துக்கு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 255 பேரை, வெறும் கட்டுப்பல் ஒரு குழு, இம்ப்ளாண்டில் பூட்டிய கட்டுப்பல் ஒரு குழு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்ததில், சாப்பாட்டின் சத்தில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. சப்ப முடிகிறது என்பதற்காக ஆட்கள் உடனே காய்கறி பக்கம் போவதில்லை. பத்து வருடம் குழைசோறு சாப்பிட்டவரின் கை தானாகக் குழைசோற்றைத்தான் எடுக்கும், அதைப் பக்கத்தில் இருந்து நாங்கள்தான் மாற்ற வேண்டும்.

சில பல் மட்டும் இழந்தவர்கள் இன்னொன்றையும் வாசியுங்கள். நெதர்லாந்தின் கைசர் 1981இலிருந்து காட்டியது, முன்பல்லும் அதையடுத்த சிறு கடைவாய்ப் பல்லும் சேர்த்து மேலும் கீழும் பொருந்தும் 20 பல் இருந்தால் பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது என்பது. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது என்று ஓடிப்போய் இம்ப்ளாண்ட் வைக்க வேண்டியதில்லை. இதை எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என்னுடைய ஒரு பல்லுக்கு நான் செலவழித்த காசு மிச்சம்.

தாடைச் சத்திரசிகிச்சை

சின்னம்மாவின் மகனுக்குக் கீழ்த்தாடை முன்னுக்கு நீண்டிருந்தது, முன்பல் ஒன்றோடொன்று சந்திக்காது, பாண் துண்டைக் கூடக் கையால் பிய்த்துத்தான் வாயில் வைப்பான். அவனுக்கு இரண்டு தாடையிலும் செய்தார்கள். கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் இரண்டு படையாகப் பிளந்து நகர்த்தும் முறையை 1957இல் ட்ரவுனரும் ஒப்வேகசரும் விவரித்தார்கள். மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு 1901இல் முக எலும்பு முறிவுகளை வகைப்படுத்திய பிரெஞ்சு வைத்தியர் ரெனே லு ஃபோர்ட்டின் பெயர்.

இந்தக் கட்டுரைகளில் மூன்று விஷயம் தேடுங்கள். ஒன்று, நகர்த்திய எலும்பு திரும்பப் பழைய இடத்துக்குப் போகிறதா. புரொஃபிட், டேர்வி, பிலிப்ஸ் மூவரும் 1996இல் ஒரு வரிசை போட்டு 2007இல் புதுப்பித்தார்கள்: மேல்தாடையை மேலே தூக்குவது நன்றாக நிலைக்கும், கீழ்த்தாடையை மட்டும் பின்னுக்குத் தள்ளுவது அவ்வளவு நிலைக்காது, மேல்தாடையை அகலமாக்குவது எல்லாவற்றிலும் குறைவாக நிலைக்கும். தம்பிக்கு ஏன் இரண்டு தாடையிலும் செய்தார்கள் என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரொஃபிட் குழுவினர் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை, 4ஐத் தாண்டினால் பெரிதாக எடுக்கிறார்கள். ‘சராசரி மாற்றம் 1 மில்லிமீற்றர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் 4ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று அட்டவணையில் பாருங்கள், ஏனென்றால் சிலருக்கு முன்னுக்கும் சிலருக்குப் பின்னுக்கும் போனால் சராசரி அழகாக வரும்.

இரண்டாவது, கீழ் உதட்டின் உணர்வு. கீழ்த்தாடையின் நடுவால் ஒரு நரம்பு ஓடுகிறது, பிளக்கும்போது அது இழுபடும். ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு உதடு மரத்துப்போகும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. தம்பி வந்து நாலாம் கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தான். வாயோரத்தால் வழிந்து நாடியில் இறங்கிச் சட்டையில் சொட்டியது, அவனுக்குத் தெரியவில்லை. சின்னம்மா சேலைத் தலைப்பால் துடைத்தபோதுதான் குனிந்து பார்த்தான். இப்போது பெரும்பகுதி திரும்பிவிட்டது, நாடியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இடம் மட்டும் விறைத்தே கிடக்கிறது. கட்டுரையில் பஞ்சால் தொட்டு, இரண்டு முனைக் கருவியால் குத்திச் சோதித்தார்களா, அல்லது ஆளிடம் கேட்டார்களா என்று பாருங்கள். சோதனையில் ‘சரி’ என்று வருகிறவர்களில் பலர் கேட்டால் ‘இன்னும் வித்தியாசமாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது கடி விசை. சத்திரசிகிச்சை முடிந்த கிழமைகளில் அது முன்பிருந்ததைவிடக் குறையும், தசை பழக மாதங்கள் எடுக்கும். 6 மாதத்தில் நிறுத்திய ஆய்வை வைத்து ‘கடி முன்னேறவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். திருப்தியை அளக்க 2000இல் கனிங்ஹாம் குழுவினர் இந்தச் சத்திரசிகிச்சைக்கென்றே 22 கேள்விகள் எழுதினார்கள். அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் கேட்டிருந்தால்தான் பிரயோசனம். பின்னால் மட்டும் கேட்டால், இவ்வளவு வலியைப் பட்டவர் ‘வேண்டாத வேலை செய்துவிட்டேன்’ என்று லேசில் சொல்லமாட்டார்.

எங்கள் வாய்க்குப் பொருந்துமா

நான் பார்த்த நீண்டகால ஆய்வுகள் பலவும் சுவீடன், சுவிற்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற இடங்களில் நடந்தவை. அங்கே வெற்றிலை போடுகிற ஆச்சிமார் இல்லை. பாக்கு வாய்த் தசையையும் தோலையும் இறுக்கி, வாய் திறக்கும் அளவைக் குறைத்துவிடும், வாய் மூன்று விரல் அளவு திறக்காதவருக்கு உள்ளே கருவி விடுவதே கஷ்டம். ஆய்வில் சேர்க்காமல் விட்டவர்களின் பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும், அதை முதலில் வாசியுங்கள்: கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வியாதி, அதிகப் புகை, எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் அலெண்ட்ரோனேற் போன்ற மருந்து. இந்த வகை மருந்துக்கும் தாடை எலும்பு செத்துப்போவதற்கும் உள்ள தொடர்பை 2003இல் மார்க்ஸ் எழுதினார், அதனால் அம்மா அப்பா எடுக்கும் குளிசைகளின் பெயரை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் ஆள் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்த ஆய்வின் வெற்றி வீதம் உங்களுக்குரியது இல்லை. கட்டுரைக் கடைசியில் யார் காசு கொடுத்தார்கள் என்றும் இருக்கும். திருகாணி விற்கும் கம்பனி என்றால் தூக்கி எறிய வேண்டாம், ஒன்றுக்கு இரண்டு தரம் அட்டவணையைப் பாருங்கள்.

டொக்டரிடம் போகும்போது

கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு போய் மேசையில் போட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஐந்தாறு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் வைத்தவர்களில் 5 வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர், எந்தக் கம்பனித் திருகாணி, அதன் உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்குமா, பூட்டு தேய்ந்தால் எங்கே மாற்றுவது, சுத்தம் செய்யவும் எக்ஸ்ரே எடுக்கவும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், சிக்கல் வந்தால் பேராதனைக்கு அனுப்புவீர்களா? நான் பேசியவர்களில் நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்கு இருந்து பதில் சொன்னார்கள்.

அப்புறம் சிகிச்சைக்கு முதல்நாள் உங்கள் சொந்தக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஏனென்றால் முன்பு எப்படி இருந்தது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். இடது பக்கம் ஆறேழு சாப்பாடு, மேலே திகதி, ‘முடியும்’, ‘கஷ்டம்’, ‘முடியாது’ என்று மூன்றில் ஒன்று. இரண்டு நிறச் சுவிங்கத்தையும் அதே நாட்களில் செய்யுங்கள். அம்மாவின் கொப்பிப் பக்கத்தில், இம்ப்ளாண்டில் கட்டுப்பல்லைப் பூட்டி மூன்றாம் மாதம் இப்படி இருக்கிறது: பாண் கரை, முடியும். கரட், முடியும். கோழி இறைச்சி, முடியும். கணவாய், சின்னத் துண்டாக வெட்டினால் முடியும். கச்சான், கஷ்டம், தோல் பூட்டுக்குள் போகிறது. முறுக்கு, பயத்தில் இன்னும் தொடவில்லை.